கூட்டாஞ்சோறு டிரம்

எங்கள் சார் வீட்டில் குப்பைக்கூடை ஒன்று இருந்தது. அதில் குப்பை விழுந்து நான் பார்த்ததில்லை. பால் பாக்கெட்டைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். கொதித்த டீத்தூள் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். பார்சலில் வந்த சணல், பிஸ்கட் டப்பா, கல்யாணப் பத்திரிகையின் அச்சடிக்காத பக்கம் என்று எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் ஓர் இடம் உண்டு. குளியலறையில் தேய்ந்துபோன சோப்பு வில்லையைப் புதுச் சோப்பின் முதுகில் அழுத்தி ஒட்டி வைத்திருப்பார். அது ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் இருக்கும். கை கழுவப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

"மிச்சம்னு ஒண்ணு கிடையாதும்மா. அதுக்கு இன்னும் வேலை வரலை, அவ்ளோதான்" என்பார்.

குடியாத்தம் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பாமல் டெல்லியிலேயே தங்கி, போகல் என்கிற பேட்டையில் ஒரு சந்துக்குள் பிரஷர் வாஷிங் கம்பெனி ஆரம்பித்தார். கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். இரண்டு மெஷின், ஒரு பழைய டெம்போ, நாலைந்து ஆட்கள், போன் எடுக்க நான். கார் நிறுத்தும் இடம், மொட்டைமாடி, கல் பதித்த முற்றம், இவற்றையெல்லாம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவித் தருவது வேலை. வெறும் தண்ணீருக்கு எண்ணெய்க் கறை அசையாது. முதலில் பவுடரைக் கரைத்துத் தேய்த்து ஊறவைக்க வேண்டும். அதனால் மெஷினைவிடப் பவுடர் மூட்டைகள்தான் எங்களுக்கு முக்கியம்.

இரண்டாவது மாடியில் அவர் குடியிருந்தார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அதற்கு மேலே மொட்டைமாடியில் ஒரு பர்சாத்தி இருந்தது. பர்சாத்தி என்றால் மாடியில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. டெல்லியில் அந்த மாதிரி அறையில் புதிதாகக் கல்யாணமானவர்கள் குடியிருப்பார்கள். எங்களுடையதில் மூட்டைகள் குடியிருந்தன. அங்கிருந்து இறங்கும் குறுகலான படிக்கட்டு அவர் வீட்டு வாசலை உரசிக்கொண்டுதான் தெருவுக்குப் போகும். மேலே போகவும் கீழே வரவும் வேறு வழி கிடையாது.

வீட்டுக்குள் அக்கா இருந்தார். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவுக்கு ஆஸ்துமா. தீபாவளி கழிந்து புகைமூட்டம் இறங்கிவிட்டால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூச்சைத் தேடுவார். பிறகு அடுத்த வார்த்தை. படிக்கட்டில் யாராவது ஊதுவத்தி கொளுத்தினால்கூட ஓடிப்போய் அணைத்துவிடுவேன். மேலே பவுடர், கீழே அக்கா. அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க என் கவனத்தில் பாதி அந்தப் படிக்கட்டின் மேல்தான் இருந்தது.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. கஞ்சன் தனக்காகச் சேர்ப்பான். இவருக்கு எதுவும் வீணாகிறது என்றால் வலிக்கும், அவ்வளவுதான். நொய்டாவில் ஒரு கல்யாண மண்டபம் கழுவப் போனபோது அண்டாவில் மீந்த புலாவைக் கொட்டப் போனவர்களைத் தடுத்து, கேட்டு வாங்கி, டெம்போவில் ஏற்றி, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது அந்தக் கேம்ப்பையே இடித்துவிட்டார்கள். ஆட்களையும் அவர் அப்படித்தான் சேர்த்தார். சின்னதுரை என்று ஒருவர் எங்களிடம் மெஷின் பிடித்தார். கள்ளக்குறிச்சிக்காரர், அந்தக் கேம்ப்பில்தான் குடும்பத்தோடு இருந்தார். ஒரு விபத்துக்குப் பிறகு அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. எந்தக் கான்ட்ராக்டரும் வேலை கொடுக்கவில்லை. "தரையைக் கழுவறதுக்குக் கை இன்னாத்துக்குத் தோளுக்கு மேல போவணும்?" என்று இவர் சேர்த்துக்கொண்டார்.

என்னையும்தான். திண்டுக்கல்லிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள், இந்தியும் அரைகுறை, இடுப்பில் கைக்குழந்தை. நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போன் எடுக்கத் தெரியுமில்ல? குழந்தை அக்காகிட்ட இருக்கட்டும்" என்றார். அன்று மத்தியானமே நான் போன் எடுத்தேன். யாருக்கும் வேண்டாதவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்து ஒரு தொழிலை ஓட்டிக் காட்டிய மனிதர் அவர். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை சாதாரணமானது இல்லை. அதனால்தான் அந்த டிரம்மை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பர்சாத்தியின் மூலையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று நின்றது. வாயைச் சுற்றி இரும்பு வளையம், அதை இழுத்துப் பூட்டினால் மூடி இறுகிக்கொள்ளும். வேலை முடிந்து திரும்பும் எந்த மூட்டையையும் அவர் அப்படியே மடித்து வைக்க மாட்டார். தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார். ஓரத் தையலைப் பிரித்துச் சுரண்டுவார். அந்தக் கரண்டிச் சத்தம் கீழே முன்னறை வரைக்கும் கேட்கும். சுரண்டியது எல்லாம் டிரம்முக்குள் போகும். சலவை சோடா, எண்ணெய்க் கறைப் பவுடர், சோப்புத்தூள், எது மிஞ்சினாலும் அதற்குள். எல்லோரும் ஒரு பிடி போட்டுச் சமைக்கிற கதைதான் என்று நான்தான் அதற்குக் கூட்டாஞ்சோறு டிரம் என்று பேர் வைத்தேன். அவருக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துவிட்டது.

வம்பு என்னவென்றால், அந்தக் கலவை நன்றாக வேலை செய்தது. ஒரு மெக்கானிக் ஷெட்டின் தரையில் காலகாலமாக ஊறியிருந்த கிரீஸ், கடையில் வாங்கிய எந்தப் பவுடருக்கும் மசியாதது, டிரம்மிலிருந்து இரண்டு கரண்டி போட்டதும் கழன்று வந்தது. "பாத்தியா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை தோற்றுப்போகும். அதுவரை உள்ளே போனவை எல்லாம் சோடா வகையறா, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவை. அது அவருடைய அதிர்ஷ்டம். அவர் அதைத் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மொட்டைமாடிகளில் பாசி வழுக்குகிறது என்று ஒரே போன். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் வந்தது. கூடவே கல் முற்றங்களில் துருக்கறை எடுக்கும் வேலையும் வந்தது. துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட், பார்க்க அச்சு அசல் சர்க்கரை மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே பர்சாத்தியில் ஏறின. பிளீச்சிங் மூட்டையில் ஆசிட்டோடு சேர்க்காதே, விஷவாயு கிளம்பும் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்து, மூட்டையையே இழுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன்.

"படிச்சேம்மா. நான் பாக்காத ஸ்டோரா?" என்றார். "அது கரைச்சதுக்குச் சொல்றது. காஞ்சது காஞ்சதோட சண்டைக்குப் போவாது. தண்ணி பட்டாத்தான் அதுக்கு உசுரு."

"டெல்லி மழையில எது சார் காஞ்சு கிடக்கு? வீட்டுல உப்பு ஜாடியே நசநசங்குது."

"டிரம்முக்கு மூடி இருக்கில்ல."

"கீழ அக்கா இருக்காங்க சார்."

அதற்குத்தான் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அதுக்குத்தானே ஸ்டோரை மேல வெச்சேன். எந்த வாடையும் மேலதான் போவும். சாம்பிராணி போட்டா கீழயா போவுது?" என்றார்.

வாஸ்தவம்தான். சாம்பிராணிப் புகை மேலேதான் போகிறது. ஆனால் மறுநாள் வந்து பார்த்தால் ஆசிட் மூட்டைகளைத் தனியாக எதிர்மூலைக்கு நகர்த்தி, கீழே செங்கல் அடுக்கி, பலகை போட்டு, மேலே தார்ப்பாய் மூடியிருந்தார். ராணுவச் சுத்தம். "டீக் ஹை? இப்ப நிம்மதியா?" என்றார். எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. முழு மூட்டைகளைத்தான் அவர் பிரித்து வைத்தார், மூட்டையின் அடியில் மீந்ததை அவர் மூட்டையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

படிக்கட்டில் நீச்சல்குளத்து வாடை அடிக்கத் தொடங்கியது. மேலே போய் டிரம் மூடியில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்தால் சூடாகும்தான், ஆனால் அன்று வெயிலே இல்லை. கையை எடுத்துப் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். சின்னதுரையிடம், "அண்ணே, அதைக் கொண்டுபோய் எங்கயாவது தொலைச்சுட்டு வாங்க" என்றேன்.

"சாரைக் கேக்காம எப்படிம்மா? அவரு போட்டு வெச்சதை நான் கொட்டுனா அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அக்காவிடம் போனேன். அவர் கொஞ்ச நாளாக வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்கிட்ட நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு."

"எனக்கு இருமுதுன்னு சொன்னா இன்னா பண்ணுவாரு தெரியுமா கண்ணு? பழைய யூனிபாரத்தைக் கிழிச்சு வாசலுக்கு ஒரு திரை தெச்சு மாட்டுவாரு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே வாசலில் காக்கித் திரை தொங்கியது. தையல் நேர்த்தியாக இருந்தது.

நான் சாரிடம் கறாராகவே சொல்லிவிட்டேன். டிரம் போகவில்லை என்றால் நான் வரமாட்டேன் என்று. அவர் முகம் சுருங்கிப்போனது. "இந்த மழை முடியட்டும்மா. அதுக்குள்ள காலி பண்ணிடறேன். அவ்ளோத்தையும் எப்படிக் கொட்டுறது?" என்றார். ஒரு பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தச் சொன்னதுபோல் தவித்தார். மறுநாளும் நான் வேலைக்குப் போனேன்.

டிஃபென்ஸ் காலனியில் ஒரு பங்களா வேலை. மாடியில் பாசி, முற்றத்தில் துரு. மத்தியானம் மழை கொட்டியதால் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சின்னதுரை கீழே டெம்போவிலிருந்து மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார். இவர் இரண்டு அரை மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்து மேலே போனதை நான் திரை இடுக்கில் பார்த்தேன். ஒன்று பிளீச்சிங், ஒன்று ஆசிட். இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

நான் எழுந்தேன். அதற்குள் ஒரு கஸ்டமர் போன். முற்றத்துக் கல் பளபளக்குமா என்று ஒரு பஞ்சாபிப் பெண்மணி கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மேலே கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. அது நின்றது. இருமல் கேட்டது. சார் இருமி நான் கேட்டதே இல்லை. பிறகு இரும்பு வளையத்தை இழுத்துப் பூட்டும் 'டக்' சத்தம்.

நான் போனைக் கீழே வைத்தேன். அவர் படியில் தடதடவென்று இறங்கி வந்து வாசலில் நின்றார். கண்கள் ரத்தச் சிவப்பு, மூக்கிலும் கண்ணிலும் நீர். கையில் அந்த ஆசிட் மூட்டையின் மிச்சம், வாயைச் சணலால் கட்டி, மார்போடு அணைத்தபடி.

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பொங்கிடுச்சு. வாடை வரக்கூடாதுன்னு இறுக்கிப் பூட்டிட்டேன்" என்றார்.

பொங்குகிற பாலை மூடி போட்டு அமுக்குவதைப் போல ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வந்து நிற்கிறார். மேலே டமார் என்று வெடித்தது. தகரக்கூரையில் ஏதோ மோதி விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அக்கா கீரையோடு எழுந்து நின்றார்.

வாடை மேலே போகவில்லை. அது படி வழியாக இறங்கி வந்தது. மங்கலான மஞ்சள் பச்சையில், தரையோடு தரையாக, ஒவ்வொரு படியாகக் கீழே வருவதை நான் கண்ணால் பார்த்தேன். கீழேயிருந்து சின்னதுரை கத்தினார்: "ஏம்மா, மேல வரட்டா?"

"வராதீங்கண்ணே. யாரையும் படியேற விடாதீங்க. கீழ் வீட்டுக்காரங்களை வெளியில கூட்டிட்டுப் போங்க. பயர் சர்வீசுக்குப் போன் போடுங்க."

ஓடி இறங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். அக்காவால் ஓட முடியாது. வாசலில் நின்ற சாரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். காக்கித் திரையைப் பிய்த்து வாளித் தண்ணீரில் முக்கிக் கதவின் அடி இடுக்கில் அடைத்தேன். போர்வை, துண்டு, என் துப்பட்டா, கைக்குக் கிடைத்ததெல்லாம் நனைத்து அடைத்தேன். அக்காவைத் தெருப்பக்கத்து பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பால்கனிக் கதவையும் சாத்தினோம். என் குழந்தை அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. அன்று அது அந்த வீட்டில் இல்லை என்பதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அக்கா பிழைத்துக்கொண்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னாலேயே மேற்கொண்டு எழுத முடியாது. முகமூடி போட்டவர்கள் வந்து எங்களை ஏணி வழியாக இறக்கினார்கள். சந்தில் வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அக்கா பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கம்பெனியை மூடிவிட்டு இரண்டு பேரும் குடியாத்தம் பக்கம் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் வழியனுப்பியபோது அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பிரியம். இரண்டையும் எந்த வார்த்தையில் சொல்வது? அதன்பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பால்கனிதான்.

மழைச்சாரல் முகத்தில் அடித்தது. அக்காவின் நெஞ்சு விசில் மாதிரி கத்தியது. கழுத்து எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. இடுப்பிலிருந்து ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துப் பம்பை எடுத்து ஒரு தடவை வாயில் வைத்து அழுத்தினார். உடனே மூடியைப் போட்டு மறுபடி இடுப்பில் செருகப் போனார்.

"இன்னொண்ணு அடிச்சுக்கடி" என்றார் அவர்.

அக்கா தலையை ஆட்டினார். "போதும்... இருக்கட்டும்..."

"டாக்டர் ரெண்டு தடவை அடிக்கச் சொல்லலையா அக்கா?" என்றேன்.

"நான்... எப்பவும்... ஒண்ணுதான். மாசம்... முழுக்க... வரணுமே."

"யாருடி உன்னை மாசம் முழுக்க வெச்சுக்கச் சொன்னது?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. பம்பை வைத்திருந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அதுவரை மார்போடு அணைத்திருந்த ஆசிட் மூட்டையை அவர் அப்படியே கீழே விட்டார். அது தரையில் விழுந்து வாய் பிரிந்து மழையில் கரைந்து ஓடியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு அக்காவின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அக்கா விடாமல் இழுத்தார். மூச்சுக்கு அல்லாடுகிற மனுஷிக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பிடி என்று தெரியவில்லை.

"குடுடி. வீணாப் போவட்டும். எல்லாம் போவட்டும். ஒண்ணும் மிச்சம் வெக்காதே" என்று கெஞ்சினார்.

பம்பைப் பிடுங்கி அக்காவின் வாயில் வைத்து அழுத்தினார். பொறுத்து, மறுபடி அழுத்தினார். நான் அக்காவின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தமும் சின்னதுரை இந்தியில் கத்துவதும் கேட்டன. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார், பம்பிலிருந்து வெறும் காற்று வரும்வரைக்கும். அப்போது அக்காவின் நெஞ்சில் அந்த விசில் கொஞ்சம் இறங்கியது. கண் திறந்து அவர் கையைப் பார்த்தார்.

"தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார் அக்கா. "அடியில... கொஞ்சம்... இருக்கும்."

அவர் அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார்.